ட்ரீமாவின் கழுத்தும் டாக்டர் கல்லூரி இண்டர்வியூவும்

ட்ரீமா கெசிங்கர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். மேற்கு வர்ஜீனியாவின் மலைச்சாலைகளில் சின்ன வயதில் பிடித்த ஸ்டியரிங்கை முப்பத்தேழு வயது வரைக்கும் விடவில்லை. பின்னால் பிள்ளைகள் என்ன கூத்தடித்தாலும் அவள் திரும்பிப் பார்த்ததே கிடையாது. தலைக்கு மேலே இருக்கும் நீளக் கண்ணாடியில் ஒரு பார்வை போதும். "கடைசி சீட்டு, நீலச் சட்டை, கைய உள்ள எடு." அந்தக் குரலுக்கு நீலச் சட்டை மட்டுமல்ல, பச்சைச் சட்டையும் சிவப்புச் சட்டையும் சேர்ந்தே கையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இப்படிப்பட்டவளுக்கு டாக்டராகும் ஆசை வந்தது கணவன் ராய்ஸின் இடுப்பால்.

ராய்ஸ் பழுதான வண்டிகளைக் கட்டி இழுக்கும் லாரி வைத்திருப்பவன். ஒரு வசந்த காலத்தில், சாக்கடையில் விழுந்த காருக்குக் கொக்கி மாட்டக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அக்கம்பக்கத்தார் கோழிக்கொட்டகையின் கதவைக் கழற்றி, அதில் அவனைப் படுக்க வைத்து ஊர் கிளினிக்குக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே இருந்த வயதான டாக்டர் ஆஸ்டியோபதி படித்தவர். மாத்திரை, ஊசி, ஆபரேஷன் எல்லாம் மற்ற டாக்டர்களைப் போலவே படித்திருந்தாலும், முதலில் கையை வைத்துத்தான் பார்ப்பார். ராய்ஸை ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை ஒரு பக்கமுமாகப் பிடித்து ஏதோ செய்தார். கதவில் படுத்து வந்தவன், திரும்பும்போது அந்தக் கதவின் ஒரு முனையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தான்.

ட்ரீமா டாக்டரை விடவில்லை. எந்த எலும்பு, ஏன் அந்தப் பக்கம், காலை எதற்கு மடக்க வேண்டும், வலது கையால் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று துளைத்து எடுத்துவிட்டாள்.

"இவ்ளோ சந்தேகம் இருந்தா போய்ப் படிச்சிட்டு வாயேம்மா," என்றார் அவர், கதவைத் திறந்து பிடித்தபடி. "எனக்கு வெளிய ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

அவர் எரிச்சலில்தான் சொன்னார். ட்ரீமா அதை டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டு போல எடுத்துக்கொண்டாள்.

பஸ் ஓட்டுகிறவர்களுக்குக் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. டாக்டர் படிப்பில் சேர முதலில் ஒரு பட்டம் வேண்டும்; அதற்காக நடுவில் கிடந்த நேரத்தில் பக்கத்து ஊர் கல்லூரிக்குப் போனாள். அந்தக் கல்லூரியின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மஞ்சள் பஸ் நீட்டிக்கொண்டு நிற்பது வருஷக்கணக்கில் பழகிப்போன காட்சியாகிவிட்டது. வேதியியலை முன் சீட்டில் படித்தாள், இயற்பியலை நடு சீட்டில் படித்தாள், பிடிக்காத பாடத்தைக் கடைசி சீட்டில் வைத்துக்கொண்டு அழுதாள். பட்டம் வாங்குவதற்குள் ஊர் டாக்டர் ஓய்வுபெற்று ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. கிளினிக்கைப் பூட்டிவிட்டார்கள். தொண்டை வலி என்றாலும் இரண்டு மலை தாண்ட வேண்டும்.

ஆஸ்டியோபதி டாக்டர் கல்லூரிக்கு முதல் தடவை இண்டர்வியூவுக்குப் போனபோது, "எதுக்காக எங்க கல்லூரியத் தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டார்கள். ட்ரீமா உள்ளதைச் சொன்னாள்: "இதுதாங்க வீட்டுக்குக் கிட்ட."

சீட்டு கிடைக்கவில்லை.

அடுத்த தடவைக்கு அவள் பஸ்ஸையே பள்ளிக்கூடமாக்கினாள். ஏறுகிற பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று சட்டம் போட்டாள்.

"உங்க பலவீனம் என்ன, மிஸ் ட்ரீமா?"

"உங்களையெல்லாம் பொறுத்துக்கிட்டு இருக்கிறதுதான். அடுத்தது."

"உங்களுக்கு ரத்தம்னா பயமா?"

"போன வாரம் உன் பல்லு விழுந்தப்போ யார் தேடிக் குடுத்தா? உக்காரு."

ஏன் ஆஸ்டியோபதி என்ற கேள்விக்கு ஒரு பதிலை எழுதி மனப்பாடம் செய்தாள். "உடம்பும் மனசும் தனித்தனி இல்லை" என்று தொடங்கும் நீளமான பதில். கொஞ்ச நாளில் அவள் முதல் வரியைச் சொன்னால் மீதியை மொத்த பஸ்ஸும் ராகம் போட்டுச் சொன்னது.

இண்டர்வியூவுக்கு முந்தின நாள் மாமியார் ஓபலீன் வந்தாள். ஓபலீன் அந்தக் காலத்தில் முடி அலங்காரக் கடை வைத்திருந்தவள். கடையை மூடினாலும் கை சும்மா இருக்காது. மருமகளை அடுக்களை நாற்காலியில் உட்கார வைத்து, முடியைச் சுருட்டி, அடுக்கி, கோபுரம் மாதிரி ஏற்றி, ஸ்ப்ரே அடித்து அடித்து அறையே மூச்சுத் திணறும்படி செய்துவிட்டாள்.

"இதோட படுத்தா நசுங்கிடுமே அத்தை?"

"படுக்காத. சாய்வு நாற்காலியில உக்காந்தபடியே தூங்கு. நான் என் கல்யாணத்துக்கு அப்படித்தான் தூங்கினேன்."

ட்ரீமா அப்படியே தூங்கினாள். காலையில் கண் விழித்தபோது தலை இடது பக்கம் திரும்பியிருந்தது. நேராக்கப் பார்த்தாள். காதிலிருந்து தோள் வரைக்கும் கத்தி இறங்கியது போல ஒரு வலி. "ராய்ஸ்!" என்று அவள் போட்ட சத்தத்தில் ராய்ஸ் ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு ஓடி வந்தான். பின்னாலேயே ஓபலீன். மருமகளைச் சுற்றி ஒரு வட்டம் வந்து பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டினாள்.

"முடி கலையலை," என்றாள்.

பஸ் ஓட்டி ஊரையே சுமந்தவளால் அன்றைக்குச் சொந்தக் காரை ஓட்ட முடியவில்லை. ராய்ஸ் ஓட்டலாம் என்றால் காரில் பேட்டரியே இல்லை. மனைவி எப்போதும் பஸ்ஸில்தானே போகிறாள் என்று அவனே அதைக் கழற்றி வேறு யாருக்கோ கொடுத்திருந்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது. எனவே மூவரும் இழுவை லாரியில் புறப்பட்டார்கள். அந்த நாட்டு வழக்கப்படி ராய்ஸ் இடது பக்கம் ஸ்டியரிங்கில், ஓபலீன் பின்னால் சின்ன சீட்டில், ட்ரீமா வலது பக்கம். தலை இடது பக்கம் பூட்டிக்கொண்டதால், வழி முழுக்க அவளுக்குத் தெரிந்தது ராய்ஸின் காது மட்டும்தான்.

"எதுக்கு இப்படி முறைச்சுப் பாக்கிற?" என்றான் அவன், மூன்றாவது வளைவில்.

"எனக்கு வேற எதையும் பாக்க முடியல."

"ரோட்டுல நான் ஏதோ தப்பு பண்ற மாதிரியே இருக்கு."

"பண்றதான். கியர மாத்து."

"பேசாம உள்ள போனதும் கழுத்து பிடிச்சிருக்குன்னு சொல்லிடேன்," என்றான் ராய்ஸ். "அவங்க டாக்டருங்கதானே?"

"சொல்லுவாங்களா யாராவது? டாக்டர் சீட்டு கேட்டுப் போற இடத்துல நோயாளியா போய் நிக்கச் சொல்றியா?"

"அப்ப இதத் தடவு," என்று பின்னாலிருந்து ஒரு கை வந்தது. ஓபலீனின் வலி தைலம். கேட்டுக்கொண்டிருக்காமலேயே கழுத்து, தோள், காது மடல் வரை அப்பிவிட்டாள். கற்பூரமும் புதினாவும் கலந்த நெடியில் மூன்று பேருக்கும் கண்ணீர் வழிந்தது. கூடவே, இறைச்சியை உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டியான பெப்பரோனி ரோல் ஒரு பொட்டலத்தையும் மடியில் வைத்தாள். "பசிச்சா மயக்கம் வரும். ஒண்ணு தின்னு."

கல்லூரி வாசலில் ராய்ஸ் லாரியை நிறுத்தியபோது பழக்கதோஷத்தில் மேலே சுழலும் மஞ்சள் விளக்கை அணைக்க மறந்துவிட்டான். அவ்வளவுதான். காரை இழுக்க ஆள் வந்துவிட்டது என்று நினைத்து, கட்டிடத்தின் மூன்று வாசல்களிலிருந்தும் ஆட்கள் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் காபிக் கோப்பையோடு ஓடினார். சாம்பல் நிறக் கோட்டு போட்ட உயரமான அம்மாள் ஒருத்தி மாடி ஜன்னலிலிருந்தே, "அது என் கார், அத விடுங்க!" என்று கத்தினாள். ராய்ஸ் தொப்பியைக் கழற்றி, "நான் பொண்டாட்டியத்தான் இறக்கி விட வந்தேன்," என்று எல்லோரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டான்.

இண்டர்வியூ அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் டாக்டர் லோவல் மௌரி. எழுபதைத் தொட்ட ஆஸ்டியோபதி டாக்டர், மண்வெட்டி மாதிரி அகலமான கைகள். இன்னொருத்தி டாக்டர் காஸ்டலா. உயிர்வேதியியல் பேராசிரியை, குழுவின் தலைவி. சாம்பல் நிறக் கோட்டு.

ட்ரீமா நேராக நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் மட்டும் இடது சுவரைப் பார்த்தது. அங்கே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. உள்ளே ஒரு எலும்புக்கூடு. கொஞ்சம் கண்ணை ஓட்டியதும் அந்தக் கண்ணாடியில் மேஜையும், மேஜைக்குப் பின்னால் இருவரும், தெளிவாகத் தெரிந்தார்கள். ட்ரீமாவுக்கு உயிர் வந்தது. ஆயுசு முழுக்க மனிதர்களைக் கண்ணாடியில் பார்த்துப் பேசியவளுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

"வாசல்ல நிக்கிறது உங்க வண்டியா?" என்றாள் காஸ்டலா.

"எங்க வீட்டுக்காரரோடது, மேடம்," என்றாள் ட்ரீமா எலும்புக்கூட்டிடம்.

காஸ்டலா புருவத்தைத் தூக்கினாள். மௌரி மூக்கை உறிஞ்சி, "என்ன வாசனை இது?" என்று ஜன்னலைப் பார்த்தார்.

கேள்விகள் தொடங்கின. ட்ரீமா நன்றாகத்தான் பதில் சொன்னாள். பஸ் பிள்ளைகளின் புண்ணியத்தில் எந்தக் கேள்வியும் புதிதாக இல்லை. ஆனால் எல்லாப் பதிலும் அலமாரிக்கே போயிற்று. ஏன் ஆஸ்டியோபதி என்று மௌரி கேட்டபோது, "உடம்பும் மனசும் தனித்தனி இல்லை" என்று தொடங்கி எலும்புக்கூட்டைப் பார்த்து உருக்கமாகப் பேசினாள். உடம்பும் இல்லாமல் மனசும் இல்லாமல் அது சிரித்துக்கொண்டே கேட்டது.

காஸ்டலா மௌரியின் பக்கம் சாய்ந்து ஏதோ முணுமுணுத்தாள். மௌரி கையை வாயில் வைத்து மறைத்துக்கொண்டு பதிலுக்கு முணுமுணுத்தார். கண்ணாடியில் அது தெரிந்ததுதான் தாமதம், ட்ரீமாவின் வாய் அவளைக் கேட்காமலேயே திறந்துவிட்டது.

"பின்னாடி என்ன குசுகுசு? ரெண்டு பேரும் நேரா உக்காருங்க. இல்ல, பிரிச்சு உக்கார வைக்க வேண்டியிருக்கும்!"

இருவரும் நேராக உட்கார்ந்தார்கள். காஸ்டலா கையைக்கூட மடியில் வைத்துக்கொண்டாள்.

ட்ரீமாவுக்குத் தான் சொன்னது காதில் விழுந்து, புரிந்து, முகம் சூடேறியது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். எழுந்தாலும் கதவு வலது பக்கம். தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்போது மௌரி சிரிக்க ஆரம்பித்தார். மேஜை குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்பலருந்து கழுத்து பிடிச்சிருக்கு?" என்றார்.

"எந்தக் கழுத்து, டாக்டர்?"

"உங்களுக்கு எத்தனை கழுத்து இருக்கு?"

ட்ரீமா தோற்றுப்போனாள். சாய்வு நாற்காலி, மாமியார், முடி, தைலம் எல்லாவற்றையும் கொட்டினாள். மௌரி அதற்குள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அந்த அகலமான கைகளைத் தேய்த்துச் சூடாக்க ஆரம்பித்தார்.

"லோவல், உக்காருங்க," என்றாள் காஸ்டலா. "இண்டர்வியூவுக்கு வந்தவங்களத் தொடக் கூடாது. விதி இருக்கு."

"வலியில இருக்காங்கம்மா."

"நீங்க தொட்டா அவங்க உங்க நோயாளி. நோயாளிக்கு நீங்க மார்க் போட முடியாது."

"அப்ப நான் குழுவுலருந்து விலகிக்கிறேன்."

"நீங்க விலகினா நான் ஒருத்திதான். ஒருத்தர் குழு கிடையாது. இண்டர்வியூ செல்லாது."

"அப்ப நீங்க தொடுங்க."

"நான் எலிகளுக்குத்தான் படிச்சிருக்கேன்."

ட்ரீமா கண்ணாடியில் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், முதலில் கேள்விகளை முடிப்பது, மார்க்கைப் போட்டு உறையில் ஒட்டுவது, அப்புறம் கழுத்து என்று முடிவாயிற்று. காஸ்டலா ரயிலைப் பிடிக்கப் போகிறவள் போலக் கேள்விகளைப் படித்தாள். ட்ரீமாவுக்கும் மனப்பாடம் செய்ததைச் சொல்ல நேரமில்லை, வலியில் நினைவும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"இந்தத் தடவையும் சீட்டு கிடைக்கலைன்னா?"

"அடுத்த வருஷம் வருவேன். நீங்க ரிட்டையர் ஆகற வரைக்கும் என் முகத்தப் பாக்கணும். நேராவே பாப்பீங்க, கவலப்படாதீங்க."

காஸ்டலா ஒரு தாளைப் புரட்டி நிறுத்தினாள். "போன தடவை, வீட்டுக்குக் கிட்டன்னுதான் எங்க கல்லூரியக் கேக்கிறதா சொன்னீங்க. இன்னைக்கு உடம்பு, மனசுன்னு அழகா ஏதோ சொன்னீங்க. எது நிஜம்?"

ட்ரீமா கண்ணாடியில் காஸ்டலாவின் கண்ணைத் தேடிப் பிடித்தாள்.

"கிட்டங்கிறதுதான் நிஜம், மேடம். எங்க ஊர்லருந்து தூரமா படிக்கப் போனவங்க தூரத்துலயே தங்கிட்டாங்க. அவங்களத் தப்பு சொல்லல. ஆனா நான் தினமும் சாயங்காலம் எங்க ஊருக்குத் திரும்பிப் போகணும், ஏன்னா அங்கதான் டாக்டர் இல்ல. போன வருஷம் மார்ல வலின்னு ஒருத்தர எங்க வீட்டுக்காரரு இந்த லாரியிலதான் கூட்டிட்டுப் போனாரு. மலைக்கு மேல போறதுக்குள்ள அவரு போயிட்டாரு. அவரோட பேரப்பிள்ளைங்க என் பஸ்லதான் வர்றாங்க. ஆஸ்டியோபதி ஏன்னா, எங்க வீட்டுக்காரரக் கதவுல வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. நடந்து வந்தாரு. அத நான் கண்ணால பாத்தேன். எப்படின்னு இன்னும் எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கணும். மத்ததெல்லாம் நான் புக்கப் பாத்து எழுதினது."

காஸ்டலா ஏதோ எழுதினாள். மௌரி ஏதோ எழுதினார். உறையை ஒட்டினார்கள்.

பயிற்சி அறையில் உயரமான மேஜை மேல் ட்ரீமாவைப் படுக்க வைத்தார் மௌரி. நாலைந்து மாணவர்கள் சுற்றி நின்றார்கள். கழுத்தை நேராகத் திருப்பி டக்கென்று ஒரு சத்தம் எழுப்புவார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவரோ விரலால் கழுத்தில் ஒரு இடத்தைத் தேடி, "இங்கதானே?" என்றார்.

"அய்யோ! அங்கதான்!"

அவர் தலையை நேராக்கவில்லை. பிடித்திருந்த பக்கமே இன்னும் கொஞ்சம் சாய்த்து, இதமாகத் தாங்கிக்கொண்டு, சும்மா இருந்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டு, மீன் தூண்டிலில் கடிக்கக் காத்திருப்பவர் போல.

"டாக்டர், தப்பான பக்கம் திருப்பறீங்க."

"பேசாதீங்க. பின்சீட்ல என்ன பேச்சு?"

மாணவர்கள் சிரித்தார்கள். ட்ரீமாவும் சிரித்தாள். சிரிக்கும்போது கழுத்துக்குள் ஏதோ ஒரு முடிச்சு தானாகத் தளர்வது தெரிந்தது. அவர் மெதுவாக, மிக மெதுவாகத் தலையை நடுவுக்குக் கொண்டுவந்து விட்டார்.

"அவ்ளோதானா? சத்தமே வரலையே?"

"சத்தம்தான் வேணும்னா உங்க வண்டியில ஹாரன் இருக்கு."

எழுந்து உட்கார்ந்தவள் வலது பக்கம் திரும்பினாள். வாசலில் காஸ்டலா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அன்றைக்கு முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள் ட்ரீமா. கண்ணாடியில் தெரிந்ததைவிடக் கொஞ்சம் வயதானவளாக, கொஞ்சம் களைத்தவளாக இருந்தாள்.

"பெப்பரோனி ரோல் இருக்கு, மேடம். சாப்பிடுறீங்களா?"

"விதிப்படி நான் எதுவும் வாங்கிக்கக் கூடாது," என்றாள் காஸ்டலா. பொட்டலத்தைப் பார்த்தாள். "உறையத்தான் ஒட்டியாச்சே," என்று ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

வரவேற்பறையில் ஓபலீன் அதற்குள் காத்திருந்த எல்லோருக்கும் கதையைச் சொல்லி முடித்து, இண்டர்வியூவுக்கு வந்த ஒரு பெண்ணின் முடியைப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள். மௌரியைப் பார்த்ததும் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கி, "டாக்டர், இந்த முட்டியையும் ஒரு பார்வை," என்றாள். ராய்ஸ் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

ட்ரீமாவைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். சேர்க்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. வசந்தம் போய், பள்ளிக்கூடம் மூடி, பஸ் கொட்டகைக்குள் போயிற்று. ஜூலை மாதம் ஒரு பகலில் அவள் தோட்டத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. காஸ்டலா. யாரோ ஒருத்தர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார், இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்றாள். ட்ரீமா பீன்ஸ் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கேக்குதா?" என்றாள் காஸ்டலா.

"கேக்குது, மேடம். கொஞ்சம் இருங்க. கத்திட்டு வர்றேன்."

கத்தினாள். கீழ்ச்சாலையில் போன தபால்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

சேர்ந்த பிறகு எல்லாம் சுலபமாக இருக்கவில்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு அவள் பஸ்ஸில் ஏறும் வயதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எலும்புகளையும் தசைகளையும் அவள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். மௌரியின் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு பிறர் முதுகைத் தடவிப் பார்க்கும்போது, கிளினிக்கில் ராய்ஸ் ஒருக்களித்துப் படுத்திருந்த அந்தக் காலை வேளை கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. ஆனால் காஸ்டலாவின் உயிர்வேதியியலில் முதல் பருவத்திலேயே தோற்றுப்போனாள். காஸ்டலா தயவு காட்டவில்லை. மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டு, "மறுபடி எழுதுங்க. எங்க புரியலையோ அங்க வந்து கேளுங்க, என் கதவு திறந்துதான் இருக்கும்," என்றாள். கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க ட்ரீமா அந்தக் கதவண்டையே கிடந்தாள். ஜனவரியில் மறுபடி எழுதி, நூலிழையில் தேறினாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது ராய்ஸ் பனியில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே தெரிந்தது இரண்டு பூட்ஸ் மட்டும்தான். அவற்றுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "பாஸாயிட்டேன்," என்றாள்.

பூட்ஸ் இரண்டும் ஆடின. அடியிலிருந்து ஒரு கை வந்து அவள் கணுக்காலைப் பிடித்து அழுத்தியது. கிரீஸ் அப்பிக்கொண்டது.

"அப்ப இன்னும் எத்தனை வருஷம்?"

"காலேஜ் மூணரை. அப்புறம் பயிற்சி மூணு."

அடியில் ஒரு நட்டைத் திருகும் சத்தம் கேட்டது.

"சரி," என்றான் ராய்ஸ். "அந்தப் பெரிய ஸ்பேனர எடு."